பத்தும் ஒன்பதும்

முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்துக் குண்டு. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது. முன்னது 3/16 அங்குலம், மிளகு பருமன். பின்னது 1/4 அங்குலம். ராலே, ஹம்பர், ஹீரோ, லுமாலா என்று கம்பிப் பிரேக் வைத்த பெரிய சைக்கிள் எதைக் கழற்றினாலும் அநேகமாக இந்தக் கணக்கே வரும். ஆக மொத்தம் 38. ஏறி மிதிப்பவரின் பாரமும், கேரியரில் கட்டிய அரிசி மூட்டையும், முன்பாரில் குந்தியிருக்கும் பிள்ளையும் இவற்றின் மேல்தான் ஓடுகின்றன. அதிலும் ஒரே நேரத்தில் முப்பத்தெட்டும் பாரம் சுமப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சுக்குக் கீழே வந்து மாட்டிக்கொள்கிற இரண்டு மூன்று குண்டுகள்தான் அந்தக் கணத்தில் சுமக்கின்றன. மற்றவை சும்மா உருண்டு தங்கள் முறைக்கு வருகின்றன.

உள்ளே வேறு பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஹப்பின் இரு முனையிலும் அடித்து இறக்கிய ஒரு கப். அச்சில் திருகி ஏற்றிய ஒரு கோன். இரண்டுக்கும் நடுவே உதிரிக் குண்டுகள், கிரீஸ். வெளியே தூசி போகாமலிருக்க ஒரு மெல்லிய தகட்டு மூடி, அதுவும் பெயருக்குத்தான். லொக் நட்டையும் வொஷரையும் கழற்றி ஒரு பக்கக் கோனைத் திருகி எடுத்தால் அச்சு மறுபக்கமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சக்கரத்துக்குக் கீழே பழைய துணி விரிக்காதவர் குண்டு பொறுக்கப் போவார்.

சில கப்புகளில் கொஞ்சம் நெருக்கினால் இன்னொரு குண்டும் நுழைந்துவிடும். பத்து தாங்குவதைப் பதினொன்று இன்னும் நன்றாகத் தாங்காதா என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் எல்லாக் குண்டும் ஒரே திசையில் சுழல்கின்றன. அப்படிச் சுழலும் இரண்டு பக்கத்துப் பக்கமாகத் தொட்டுக்கொண்டால், தொடுகிற இடத்தில் ஒன்றின் மேற்பரப்பு ஏற, மற்றதன் மேற்பரப்பு இறங்கும். அங்கே உருளல் போய் உரசல் வந்துவிடும். அதனால் வரிசையில் ஒரு சிறு இடைவெளி வேண்டும். பதுளைப் பட்டணத்தில் சைக்கிள் திருத்துகிற பாஸ்மாருக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டதில்லை. கப்பை நிரப்பிவிட்டு ஒன்றை எடுத்துவிடு என்பதோடு பாடம் முடிந்தது.

சைக்கிளுக்கு ஏற்ற மாகாணம் என்று ஊவாவை யாரும் சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்தவர்களைக் கேட்டால் சைக்கிளைப் பற்றி ஒரு புராணமே சொல்வார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத இரவுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் அது. சமதரை. ஊவாவிலும் மகியங்கனைப் பக்கம் வயல்வெளியில் அப்படி மிதிக்கலாம். புத்தல, வெல்லவாய பக்கமும் மிதிக்கலாம். மேலே வர வர நிலைமை வேறு. பதுளை 680 மீட்டர், பண்டாரவளை 1200 மீட்டருக்கு மேல், ஹப்புத்தளை 1400 மீட்டருக்கு மேல். தோட்டத்தில் நடைதான். பிரட்டுக்களத்துக்கு நடை, மலைக்கு நடை, கொழுந்துச் சாக்கோடு நிறுவைக்கு நடை. பதுளைப் பக்கத்துத் தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஜோசப் தொடங்கி, மலையகக் கதைகளில் நான் படித்தவரை நடையும் ரயிலும் பஸ்ஸும் நிறைய வருகின்றன. சைக்கிள் வருவது அபூர்வம்.

இருந்தாலும் சைக்கிள் இருந்தது. கணக்கப்பிள்ளை ஒருவரிடம், பேக்டரியில் வேலை செய்யும் ஒருவரிடம், பட்டணத்துக் கடையில் நிற்கிற பையனிடம், பாண் பெட்டி கட்டி லயம் லயமாக வருபவரிடம். மலையில் சைக்கிள் என்றால் பாதி நேரம் அது ஓட்டுகிற சாமான் இல்லை, தள்ளுகிற சாமான். ஏற்றத்தில் மூட்டையை வைத்துத் தள்ளுவது, இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இறங்குவது. ஹப்புக்கு இது இரண்டும் ஆகாது. தள்ளும்போது சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது. பாரம் மட்டும் குறைவதில்லை. குண்டுக்கும் கோனுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் உருவாவதற்கு வேகம் வேண்டும். நடை வேகத்தில் அந்தப் படலம் மெலிந்து இரும்பும் இரும்பும் நெருங்கிவிடும். இறக்கத்தில் கதை மாறுகிறது. எல்லவிலிருந்து வெல்லவாய போகிற பாதை முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் கீழே விழுகிறது. அப்படியொரு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாயும். முன்சக்கரத்தில் இருப்பதோ சிறிய குண்டு. சமதரை ஊர்களில் பின் ஹப் முதலில் கெடுவது வழக்கம். மலையில் முன் கோனையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சரிவு போதாதென்று பருவங்கள் வேறு. மற்ற இடங்களில் மழை ஒன்றுதான் ஹப்புக்கு எதிரி. ஊவாவில் இரண்டு எதிரி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வரண்டு வருகிறது. கச்சான். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி விலை கிடைப்பது இந்தக் காற்றால்தான். கொழுந்து தண்ணீருக்குத் தவிக்கும்போது அதில் மெந்தோலைப் போன்ற ஒரு வாசம் ஏறுகிறது. ஏலத்தில் ஊவாப் பருவம் என்று தனியாகப் பேசப்படும் அந்த வாசத்தைக் கொண்டுவருகிற காற்றுத்தான் தோட்டத்து மண்பாதையின் செம்புழுதியையும் கிளப்பித் தகட்டு மூடியின் இடுக்கு வழியாகக் கிரீஸுக்குள் குழைத்துவிட்டுப் போகிறது. பிறகு ஒக்டோபரில் மழைக்காலம் தொடங்கும். ஜனவரி வரை நீளும். இப்போது தண்ணீர். புழுதி குழைந்த கிரீஸ் சும்மாவே அரைக்கிற பசை. அதில் தண்ணீரும் சேர்ந்தால் துரு. மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்தில் பனிமூட்டமே ஒரு மழைக்குச் சமம். சைக்கிளை இஸ்தோப்பில் சாத்தி வைத்தாலும் காலையில் இரும்பு வியர்த்திருக்கும்.

பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களில் ஹப்பின் நடுவே ஒரு சிறு துளை இருக்கும். அதன்மேல் வளைந்த தகட்டு வளையம் ஒன்று. அதை நகர்த்தி எண்ணெய் விடவேண்டும், நகர்த்தி மூடவேண்டும். வாரத்துக்கு இரண்டு சொட்டு என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், மெஷின் எண்ணெய் கையில் இருந்தால். இல்லாத வீடுகளில் தேங்காயெண்ணெய் விட்டார்கள். கொழும்பில் இது எப்படியோ சமாளிக்கும். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும் சாதி. ஹப்புத்தளைக் காலையில் தலைக்கு வைக்கிற போத்தலையே வெயிலிலோ அடுப்படியிலோ வைத்து இளக்கவேண்டியிருக்கிறது. ஹப்புக்குள் போனது என்ன ஆகும்? காலையில் கட்டி, மத்தியானம் தண்ணீர், நாளாக நாளாகப் புழுதியோடு சேர்ந்து பிசின். அந்தத் துளையை ஒருமுறை கிளறிப் பார்த்தால் வீட்டில் என்ன எண்ணெய் புழங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

கழற்றியபின் முதல் வேலை எண்ணுவது. பத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தால், முன்பு யாரோ அவசரமாகத் திறந்து மூடியிருக்கிறார் என்று அர்த்தம். குண்டுகளை ஜேம் போத்தல் மூடியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் துணியில் உருட்டித் துடைக்கவேண்டும். நல்ல குண்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னும். மங்கிப்போனது, ஓரத்தில் ஊசிமுனைப் புள்ளி விழுந்தது எல்லாம் முடிந்த குண்டு. ஒன்று முடிந்திருந்தால் அந்தப் பக்கத்துக் குண்டு அத்தனையையும் மாற்றவேண்டும். இதில்தான் வாதம் வரும். நாலு குண்டு நல்லா இருக்குதே, அதை எதுக்கு வீசுறது என்பார் சைக்கிள்காரர். பழைய குண்டு தேய்ந்து நூலளவு சிறுத்திருக்கும். புதியது முழு அளவில் இருக்கும். கலந்து போட்டால் பாரம் முழுவதையும் புதியவைதான் சுமக்கும். பழையவை கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் புதியவையும் சீக்கிரம் போய்விடும்.

குண்டைவிட முக்கியம் கோன். பல பாஸ்மார் அச்சைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"கோனப் பாருங்கண்ணே, குழி விழுந்திருச்சு. குண்ட மட்டும் மாத்தி என்னா பிரயோசனம்?"

விரல் நகத்தைக் கோனின் வளைவில் ஓடவிட்டால் குழியில் நகம் தடுக்கும். வேடிக்கை என்னவென்றால், குழி பெரும்பாலும் கோனின் ஒரே பக்கத்தில்தான் விழுந்திருக்கும், சுற்றிவர இருக்காது. யோசித்தால் காரணம் தெரியும். சக்கரத்தோடு கப் சுற்றுகிறது. பாரம் அதன் வட்டம் முழுவதும் பகிர்ந்து விழுகிறது. கோன் அச்சில் இறுகி அசையாமல் நிற்கிறது. மேலிருந்து வரும் பாரம் முழுவதும் எந்நாளும் அதன் அடிப்பக்கத்தில் அதே ஓரிடத்தில் விழுகிறது. உருள்கிறவையும் சுற்றுகிறதும் பிழைத்துக்கொள்ள, நின்ற இடத்தில் நிற்பது முதலில் போகிறது. கோன் இன்னும் மோசமாகவில்லை என்றால், மறுபடி பூட்டும்போது அச்சை அரைச் சுற்றுத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. தேயாத பக்கம் கீழே வரும். ஒரு மழைக்காலத்தைத் தள்ளலாம்.

குழி எப்படி விழுகிறது என்பது தனிச் சுவாரஸ்யம். ஒரு கோளமும் ஒரு வளைவும் தொட்டுக்கொள்ளும் இடம் கணக்கின்படி ஒரு புள்ளி. புள்ளிக்குப் பரப்பு இல்லை. பரப்பில்லாத இடத்தில் பாரம் வைத்தால் அழுத்தம் எல்லை மீறிப் போகவேண்டும். எந்த இரும்பும் தாங்காது. உண்மையில் இரண்டும் மிகமிகச் சிறிதளவு நசுங்கிக் கொடுத்து ஒரு சிறு பரப்பை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தப் பரப்பையும் அழுத்தத்தையும் கணக்கிடும் வழியை 1881இல் ஹைன்ரிஷ் ஹேர்ட்ஸ் கண்டார். வானொலி அலைகளோடு பெயர் சேர்ந்துவிட்ட அதே ஹேர்ட்ஸ்தான். அந்தக் கணக்கு சொல்லும் இன்னொன்று, மிகப் பெரிய திரிபு மேற்பரப்பில் ஏற்படுவதில்லை, அதற்குச் சற்றுக் கீழே இரும்புக்குள் ஏற்படுகிறது என்பது. வெடிப்பு உள்ளே தொடங்கி, லட்சக்கணக்கான முறை குண்டு ஏறி இறங்கியபின் ஒரு நாள் மேலே செதிலாகப் பெயர்கிறது. கண்ணுக்குக் குழி தெரிகிற நாளில் கெடுதல் பழசாகியிருக்கும்.

கிரீஸைக் கப்பில் தாராளமாகத் தடவி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தால் சக்கரத்தைத் திருப்பினாலும் விழாது. லொறிக் கராஜ் கிரீஸ் போதும். பேக்டரியில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் கிரீஸுக்குப் பஞ்சம் இருந்ததில்லை; அது எப்படி என்று கேட்கக்கூடாது. மழைப் பக்கத்துக்குச் சுண்ணாம்புச் சோப்பால் செய்த கிரீஸ் நல்லது. தண்ணீரில் கரையாது.

அதன்பின் வருவதுதான் கைவேலை. கோனை விரலால் இறுகும்வரை திருகி, பிறகு கொஞ்சம் திருப்பிவிடவேண்டும். எவ்வளவு என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். கால் சுற்று என்பார்கள். ஆனால் அவர்கள் கை கால் சுற்றில் நிற்பதில்லை. கோனை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்கினால், புரியின் இடைவெளி சாய்ந்து கோன் மயிரிழை உள்ளே நகரும். வைத்த அளவு இறுக்கும்போதே மாறிவிடுகிறது. ஆகவே இப்போது சரியாக இருந்தால் பிழை. இறுக்கியபின் சரியாக வரும்படி இப்போது பிழையாக வைக்கவேண்டும். கோன் ஸ்பேனர் இல்லாதவர்கள் சாதாரண ஸ்பேனரைச் சாணைக்கல்லில் தேய்த்து மெலியவைத்திருப்பார்கள். அப்படித் தேய்த்த ஸ்பேனரைப் பார்த்தாலே அந்தக் கடையில் ஹப் வேலை நடக்கிறது என்று அறியலாம்.

சரியா என்று பார்க்க இரண்டு வழி. சக்கரத்தைக் கவட்டில் பூட்டி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. பிறகு சக்கரத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். காற்றடிக்கிற வால்வுக்குக் கொஞ்சம் பாரம் உண்டு. ஹப் சரியாக இருந்தால் அந்தப் பாரத்துக்கே சக்கரம் தானாக அசைந்து, வால்வு கீழே வந்து, தாண்டி, திரும்பி, இரண்டு மூன்று தரம் ஆடி நிற்கும். இறுக்கம் அதிகமானால் வால்வு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆட்டமும் இல்லை, வால்வும் இறங்குகிறது என்ற நிலை லொக் நட்டின் ஒரு நூல் திருப்பத்துக்குள் இருக்கிறது. அதை எட்டும்வரை கழற்றி இறுக்கிக் கழற்றி இறுக்கிக்கொண்டிருக்கும் பாஸைப் பார்க்கும் வாடிக்கையாளர், இவருக்கு வேலை தெரியவில்லை என்று நினைப்பதுண்டு. ஒரே தடவையில் இறுக்கி அனுப்புகிறவரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இந்தக் குண்டுகள் சைக்கிளுக்குள் வந்த ஆண்டு 1869. பாரிஸில் ஜூல்ஸ் சுரிரே என்ற சைக்கிள்காரர் அதற்குக் காப்புரிமை எடுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 7இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் ஓட்டப்போட்டி. பத்தரை மணி நேரத்துக்கு மேல் மிதித்து வென்றவர் ஜேம்ஸ் மூர். அவருடைய சக்கரங்களில் சுரிரேயின் குண்டுகள் இருந்தன என்று சொல்லப்படுகிறது. அப்போது குண்டு உருட்ட இயந்திரம் இல்லை. சாந்த் பெலாஜிச் சிறைச்சாலைக் கைதிகள் கையால் தேய்த்து உருட்டினார்கள் என்று சைக்கிள் வரலாறுகள் எழுதுகின்றன. ஒரே அளவில் ஆயிரமாயிரமாகக் குண்டு அரைக்கும் இயந்திரத்தை ஜெர்மனியின் ஷ்வைன்பூர்ட்டில் பிரீட்ரிஷ் பிஷர் அமைத்தது 1883இல். அதன்பிறகே குண்டு மலிந்தது.

1869 என்ற எண்ணைப் பார்த்ததும் மலையகத்தவன் ஒருவன் நிமிர்ந்து உட்காருவான். பதுளை மாவட்டத்து மடுல்சீமையில், ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைக்கு அடியில் செம்மஞ்சள் பொடி கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தக் கோப்பி நோய்ப் பூஞ்சைக்குப் பெயரிட்டு, பூஞ்சையியலாளர் பெர்க்லி லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகையில் எழுதியதும் மூர் ரூவானுக்கு மிதித்த அதே நவம்பரில். இருபது ஆண்டுக்குள் கோப்பி படுத்தது, தேயிலை எழுந்தது. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தவர்களை வருடம் முழுவதும் கொழுந்து தரும் செடி லயத்தில் நிறுத்தி வைத்தது. இரண்டு நிகழ்ச்சிக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. தற்செயல் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு தேயிலைத் தோட்டத்து இஸ்தோப்பில் சைக்கிள் வந்து நிற்பதற்கு இரண்டும் நடந்திருக்க வேண்டும்.  

அந்த இஸ்தோப்பு யாருடையது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் அதன் முன்னால் இருக்கும் இஸ்தோப்பும் தோட்டத்தினுடையவை. 1948 சட்டத்தில் தோட்டத்து மக்களின் குடியுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. இத்தனை கைமாற்றத்திலும் காம்பரா அதில் குடியிருந்தவருக்கு மாறவில்லை. தகரம் ஒழுகினால் ஆபிசில் சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். வீட்டோடு ஒட்டி ஒரு சமையலறை இறக்கவேண்டுமென்றால் துரையிடம் கேட்கவேண்டும். பேக்டரியில் ரோலரையும் பட்டி ஓடும் நீளமான அச்சுத் தண்டையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். எந்த பேரிங் எப்போது சுடும், எந்தச் சத்தம் எதற்கு அறிகுறி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இயந்திரத்தை எப்போது திறப்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

சைக்கிள் அப்படியில்லை. யாரிடமும் கேட்காமல் திறக்கலாம். இரண்டு ஸ்பேனரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு முழுசாகச் சொந்தமாக இருந்த இயந்திரங்கள் மிகக் குறைவு: தையல் மெஷின், வானொலி, சைக்கிள். வானொலியைத் திறந்தால் சொந்தக்காரருக்கு ஒன்றும் விளங்காது. சைக்கிளைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்கு முன் கிடக்கும், எண்ணிப் பார்க்கலாம். உதிரிக் குண்டு ஹப் எனக்குப் பிடிப்பதற்கு முதற் காரணம் இது. அது தேயும் என்பதை ஒத்துக்கொண்டு, தேய்ந்ததை நகர்த்திச் சரிசெய்ய ஒரு திருகையும் கூடவே வைத்துச் செய்யப்பட்ட பொருள். அச்சு லேசாக வளைந்திருந்தால்கூடப் பொறுத்துப்போகும். மாற்றவேண்டியது கோன் ஒன்றென்றால் கோன் ஒன்றை மட்டும் வாங்கலாம்.

கோனில் குழி விழுவதற்குத் தெருவில் விழும் குழியும் ஒரு காரணம். தோட்டத்து மண்பாதையின் கல்லிலும் பள்ளத்திலும் சக்கரம் விழும்போதெல்லாம் அந்த அடி அச்சுக்குக் கீழே நிற்கிற இரண்டு மூன்று குண்டின்மேல்தான் இறங்குகிறது. அந்தப் பாதையை யார் போடுவது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவழித்து வேலை செய்ய இடம் தராமலே எழுதப்பட்டிருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே சட்டம் வாகன வரியில் சைக்கிளையும் சேர்த்திருந்தது என்பதை இங்கே சும்மா குறித்துவைக்கிறேன்.

2022 ஜூன் கடைசியில் நாட்டில் எரிபொருள் முடிந்தது. அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. அந்த மாதங்களில் பதுளையிலும் மற்ற எல்லா இடங்களிலும் நடந்ததுபோலவே பழைய சைக்கிள்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்தும் விறகுக் குவியலுக்கு அடியிலிருந்தும் வெளியே வந்தன. டயர் மக்கிப் போயிருந்தது, டியூப் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹப்பைத் திறந்தால் சிலவற்றில் குண்டுகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டி மாலையாகவே வந்தன. சிலவற்றில், கிரீஸ் காய்ந்து மெழுகாகிக் கிடந்தாலும் அதற்குள் குண்டு புதிதாக மின்னியது. புதிய சைக்கிள் வாங்க வழியில்லாத விலை. ஆகவே கோன் தேடி ஆட்கள் கடை கடையாக ஏறினார்கள். அளவு பொருந்தாத கோனைப் போட்டால் கப்பின் வளைவோடு சேராது, குண்டு ஓரத்தில் ஏறி ஓடும். அந்த வருடம் அப்படி ஏறி ஓடிய குண்டுகள் பல.

இப்போது வருகிற விலை கூடிய சைக்கிள்களில் உதிரிக் குண்டு இல்லை. மூடிய பேரிங் வளையம். இரு பக்கமும் ரப்பர் மூடி. உள்ளே எத்தனை குண்டு என்று ஓட்டுகிறவருக்குத் தெரியவேண்டியதில்லை. கெட்டால் அடித்து எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தி இறக்கவேண்டும். இதைத் திட்டுவது சுலபம், நான் திட்டமாட்டேன். மடுல்சீமை மழைக்கு ரப்பர் மூடி தகட்டு மூடியைவிட எத்தனையோ மேல். அழுத்தி இறக்குகிற கருவியும் அதே இலக்கப் பேரிங்கும் பசறையில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைத்தால் சண்டையே இல்லை. நான் திட்டுவது வேறொன்றை. மலிவாக வருகிற சிறுவர் சைக்கிள்களில் வடிவத்துக்கு மட்டும் கப்பும் கோனும் வைத்திருக்கிறார்கள். சூடேற்றிப் பதப்படுத்தாத மென்மையான இரும்பு. ஒரு வருடத்தில் கோன் வாய்க்கால் ஆகிவிடும். மாற்றுவதற்கு அதே அளவில் கோன் வராது. திறக்க முடிகிறது, திருத்த முடியாது. மூடியே வருவது இதைவிட நாணயமானது.

பெரிய சைக்கிள்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை ஹப் திறப்பது ஊவாவுக்குப் போதும். கச்சான் புழுதி ஓய்ந்ததும் மழைக்கு முன்னால் ஒருமுறை, தை பிறந்து மழை விட்டதும் ஒருமுறை. இதில் முதலாவதுதான் முக்கியம், தவறிப்போவதும் அதுதான். அது செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் தொடக்கம். தோட்டத்தில் எல்லாச் செலவையும் தீபாவளி முற்பணம் வரட்டும் என்று ஒத்திவைக்கிற நேரம். முற்பணம் வந்ததும் பிள்ளைகளுக்குத் துணி, கடைக்காரனுக்குப் பழைய பாக்கி, பலகாரத்துக்கு மா, சீனி, எண்ணெய். அதன்பின் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்குவார்கள். அதற்குள் மழையும் பிடித்திருக்கும். பதுளை பாஸ்மாருக்குக் கோன் வேலை அதிகமாக வருவது பெப்ரவரியில்.